வெளியிலிருந்து ஒருவர் கேட்கிறார்

1

இந்தக் கதை என் அக்கா ஒரு கூட்டத்தில் சொன்ன பொய்யிலிருந்து பிறந்தது. பொய் அவளுடையது, கதை என்னுடையது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று தேர்வில் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன்.

எழுதட்டுமா என்று கேட்டதற்கு அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். எழுத எழுதத் தன்னிடம் காட்ட வேண்டும். காட்டினேன். பென்சிலால் ஓரத்தில் கிறுக்கித் தந்தாள். அவற்றை உடுக்குறியிட்டு அங்கங்கே கொடுத்திருக்கிறேன், 'இதைப் போடாதே' என்று எழுதியவை உட்பட.

தொடக்கம் மூன்று எழுதினேன்.

'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில்...' (மழை பெய்ததா என்று யாருக்கும் தெரிந்திருக்காது. கூட்டம் நடந்த அறைக்குச் சன்னல் இல்லை.)

'அறுவை சிகிச்சைக் கருவிகளைத் தூய்மைப்படுத்தும் பணியாளர்களுக்காக மூன்று தரப்பினர் இணைந்து ஒரு கூட்டுப் பயிற்சித் திட்டத்தை உருவாக்கும் பொருட்டு...' (எழுதும்போதே கொட்டாவி வந்தது. ஆனால் கதை இதுதான். வேறு வழியில்லை.)

'அக்கா இருமினாள்.'

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

2

அக்கா இருமினாள்.

நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஏசி அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது. தொண்டை கமறியது, அவ்வளவுதான்.*

* தொண்டை கமறலை. பேசத்தான் வாயைத் திறந்தேன். பாதியில பயந்துட்டேன். அப்படியே எழுது.

அந்த மூன்று பேரைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் தியேட்டர்களின் மேலாளர். மணிக்கட்டைப் பார்க்காமல் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச மாட்டார். இன்னொருவர் கல்லூரிப் பேராசிரியர். எதையும் 'அடிப்படையிலிருந்து' தொடங்குவார். நுண்ணுயிர்களின் அடிப்படை என்றால் பூமி குளிர்ந்த காலத்திலிருந்து. மூன்றாமவர் பணியாளர் சங்கத்தின் செயலாளர். கருவி கழுவும் அறையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது சங்கம் நடத்தும் அம்மாள். அவர் எதிரே உட்கார்ந்தால் நாற்காலியே நிமிர்ந்து உட்காரும்.

இந்த மூவரையும் ஒரே வண்டியில் பூட்டி ஓட்டுவதுதான் அக்காவின் வேலை. பதவியின் பெயர் ஒருங்கிணைப்பாளர். நடைமுறையில், தேதி குறிப்பவள், டீ சொல்பவள், மூவரும் பேசியதை எழுதி மூவருக்கும் அனுப்பி 'நான் இப்படிச் சொல்லவே இல்லை' என்று மூவரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்பவள்.

அவர்கள் மாதக்கணக்கில் முதல் நாள் பாடத்திலேயே நின்றார்கள். பேராசிரியருக்கு நுண்ணுயிர்கள் வேண்டும். மேலாளருக்கு முதல் நாளே ஆளைக் கழுவுதொட்டி முன்னால் நிறுத்த வேண்டும். செயலாளருக்குக் கையுறையும் வேலை நேரமும் வேண்டும். ஒவ்வொரு கூட்டமும் 'இது ஒரு கூட்டு முயற்சி' என்று தொடங்கி, ஆளுக்கொரு திசையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுவதில் முடிந்தது.

அக்கா நுண்ணுயிரியல் படித்தவள். அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள், இருமல் வந்தது, மூன்று முகம் திரும்பியது. அவளுக்குத் தன் குரலில் அந்தக் கேள்வி வரவில்லை. வந்தது இது:

"வெளி மதிப்பீட்டாளர் ஒண்ணு கேட்டிருந்தாங்க. முதல் நாள் முடிஞ்சு வீட்டுக்குப் போற ஆளுக்கு, காலையில தெரியாத ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சிருக்கணும்னா, அது எது?"

அப்படி ஒருவர் கிடையாது. கேள்வி அவளுடையது.

மூவரும் யோசித்தார்கள். மேலாளர் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. டீ வருவதற்குள் முதல் நாள் பாடம் முடிவாகிவிட்டது.

யார் அந்த மதிப்பீட்டாளர், யார் நியமித்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பேராசிரியர் அவரை ஆஸ்பத்திரி போட்டிருக்கும் என்று நினைத்தார். ஆஸ்பத்திரி, சங்கம் போட்டிருக்கும் என்று. சங்கம், இந்தப் படித்தவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து தன்னைக் கேட்காமல் போட்டிருப்பார்கள் என்று. கேட்டால் தனக்கு வந்த தகவலைத் தான் படிக்கவில்லை என்று ஆகிவிடும். கூட்டு முயற்சியில் யாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

(அக்காவுக்கு இது அப்போது தெரியாது. நான்தான் ஊகித்து எழுதுகிறேன். ஊகம் என்பது பொய்யைவிட ஒரு படி... இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

3

அதன்பிறகு அவளுக்கு ருசி கண்டுபோயிற்று.

'பாடத்தில் படம் கம்மியா இருக்குன்னு மதிப்பீட்டாளர் நினைக்கிறாங்க.' படம் கூடியது. 'கத்தரிக்கோலை மூடினபடி கழுவினா இடுக்குல அழுக்கு நிக்கும்னு தனியா ஒரு வகுப்பு கேக்கிறாங்க.' வகுப்பு வந்தது. ஒருங்கிணைப்பாளர் சொன்னால் காற்றில் போகிற பேச்சு, வெளியாள் சொன்னால் வேதவாக்கு. அவள் சொன்னதெல்லாம் சரியாக இருந்தது என்பதையும் இங்கே போட்டுவைக்கிறேன். அவள் போடச் சொல்லவில்லை.*

* சொன்னேன்.

கதை எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்த நோய். ஒரு வேலைக்காக ஒரு பாத்திரத்தைக் கதவு வழியாக உள்ளே விடுவோம். வேலை முடிந்ததும் போகாது. உட்கார்ந்து தண்ணீர் கேட்கும்.

மதிப்பீட்டாளர் உட்கார்ந்தார். அவருக்குக் குணங்கள் முளைத்தன. நீண்ட அட்டவணைகள் பிடிக்காது என்றார் பேராசிரியர், தனக்குத் தெரிந்தவர்போல. போன வருடம் ஒரு கருத்தரங்கில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாராம். "நல்ல மனுஷர். பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒருதடவை இருமுவாரே" என்று இருமியும் காட்டினார். அக்காவின் இருமல்தான், கொஞ்சம் கனமாக. "ஆமா ஆமா, அந்த இருமல்" என்று மேலாளர் சிரித்தார். செயலாளரும் சிரித்தார். "அந்தம்மாவுக்கு எப்பவும் தொண்டைதான் தொல்லை" என்றார்.

ஒருவருக்கு மனுஷர், ஒருவருக்கு அம்மா. யாரும் யாரையும் திருத்தவில்லை. அக்கா தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். எழுத ஒன்றும் இல்லை.

பிறகு அவர் தொலைபேசி எண்ணைக் கேட்டார்கள். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"உன் நம்பரைக் குடுத்துட்டேன்டி."

ஏன் என்னுடையதை என்றேன்.

"தெரியாத நம்பர் வந்தா எடுக்கவே மாட்டே. எனக்குத் தெரிஞ்சு உலகத்துலயே அப்படி நீ ஒருத்திதான்."

அது உண்மை. எனக்குத் தெரிந்த எண்ணே வந்தாலும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். ஒரு நாள் புது எண் ஒன்று அடித்தது. அடித்து ஓயும் வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கூட்டத்தில் பேராசிரியர், மதிப்பீட்டாளருடன் வெகுநேரம் மனம் விட்டுப் பேசியதாகச் சொன்னாராம். என்னோடு அவ்வளவு நேரம் மனம் விட்டுப் பேசிய முதல் அந்நியர் அவர்தான்.

4

(அக்கா கேட்டுக்கொண்டதால் நீக்கப்பட்டது. இதில் அவளும் பேராசிரியரின் உதவியாளரும் ஒரே குடையில் பேருந்து நிறுத்தம் வரை போனார்கள். குடை உண்மை. மழைதான் இல்லை.)

5

இனிமேல் கொஞ்ச நேரம் விளையாட்டில்லை.

பாடத்திட்டத்துக்காக அக்கா ஒருநாள் ஆஸ்பத்திரியின் கருவி அறைக்குப் போய் நின்று பார்த்தாள். கருவிகளை நீராவியில் வேகவைக்கும் இயந்திரம், அதன் இரும்புக் கதவு, வெளியே வரும் துணிப் பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஒரு டேப் ஒட்டியிருக்கும். சூடு பட்டால் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு தெரிந்தால் சூடு பட்டது என்றுதான் அர்த்தம். உள்ளே இருப்பது சுத்தம் என்று அர்த்தம் இல்லை. பொட்டலம் ஈரமாக வந்துவிட்டால் கோடு எவ்வளவு கறுத்திருந்தாலும் அது ஆகாது. ஈரத்தின் வழியாகக் கிருமி உள்ளே நடந்து போய்விடும்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்தாள். எடுத்த கை நின்றது. விரலால் அடிப்பக்கத்தைத் தடவினாள். மேலே தியேட்டரிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கேட்பதற்கு ஆளைத் தேடி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தாள். மேற்பார்வை பார்ப்பவர் இல்லை. அக்காவைப் பார்த்தாள். அக்காவின் கழுத்தில் 'பார்வையாளர்' என்ற அட்டை தொங்கியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பொட்டலத்தை லிப்டில் வைத்து அனுப்பிவிட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. நோயாளி நன்றாக வீட்டுக்குப் போனார் என்று அக்கா பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டாள். ஒன்றும் ஆகாததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஆகியிருந்தால் யாராவது விதி எழுதியிருப்பார்கள்.

அதனால் அவள் எழுதினாள். ஒரே வரி: 'சந்தேகம் வந்தால் பொட்டலத்தை நிறுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.' பயிற்சியின் முதல் நாளிலிருந்தே, நேற்றுச் சேர்ந்தவருக்கும் இது உண்டு. இந்த வரி இல்லாவிட்டால் மற்ற பாடமெல்லாம் கறுத்த கோடு மாதிரிதான், பார்க்க நன்றாக இருக்கும்.

அதை மதிப்பீட்டாளர் வாயில் வைத்தாள். மூவரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.*

* இந்தப் பகுதியில என்னை நல்லவளா காட்டாதே. நானும்தான் வாயை மூடிட்டு நின்னேன்.

6

இப்போது திருட்டு.

போன வாரக் கூட்டத்தில் மேலாளர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நேத்து மதிப்பீட்டாளர் எனக்குப் போன் பண்ணியிருந்தார். அந்த நிறுத்துற வரி வேண்டாம்னுட்டார். யோசிச்சுப் பார்த்தாராம், நடைமுறைக்கு ஒத்துவராதாம். இருமிட்டுத்தான் சொன்னார்."

அவர் சொன்ன அந்த நாள் முழுவதும் என் போன் என் தலையணைக்கு அடியில் இருந்தது. யாருக்கும் அது எதையும் சொல்லவில்லை.

அக்கா பெற்றுப் பேர் வைக்காமல் வளர்த்த பிள்ளை, எதிர்வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 'அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்' என்று அவள் சொல்லலாம். உனக்கெப்படித் தெரியும் என்பார்கள். தெரியும், ஏனென்றால் அப்படி ஒருத்தர் இல்லை. அதைச் சொன்ன மறுநிமிடம் முதல் நாள் பாடம், படங்கள், கத்தரிக்கோல் வகுப்பு எல்லாம் கட்டவிழ்ந்து மூன்று பக்கமும் ஓடும். அந்த ஒற்றை வரி எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும்.

அப்போது பேராசிரியரும் செருமிக்கொண்டு, அவர் தன்னிடமும் பேசினார் என்றார். வரி இருக்கலாமாம், ஆனால் கடைசி வாரப் பாடத்தில், கோட்பாடாக. செயலாளர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். அந்தம்மா சங்க அலுவலகத்துக்கே நேரில் வந்து, சீனியர் ஒருவரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம்.

மூவரும் பொய் சொல்கிறார்கள் என்று மூவருக்கும் தெரிந்திருக்குமா? அக்கா முகம் முகமாகப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. நால்வரும் சேர்ந்து ஒழுங்காக, சண்டையில்லாமல் உருவாக்கிய ஒரே விஷயம் அந்த ஆள்தான் என்பது மட்டும் புரிந்தது.

கடைசியில் செயலாளர் தீர்ப்புச் சொன்னார். இறுதிக் கூட்டத்தில் போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அந்தம்மா வாயாலேயே கேட்டுவிடலாம். அவர் சொல்வதே முடிவு.

7

மேலாளரைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கதையில் கெட்டவர் ஒருவர் கிடைத்துவிட்டால் எழுதுவது சுலபம். அவருக்கு ஒரு மீசை வைத்து, மேசையைக் கையால் குத்தச் செய்து... (வைத்தேன். அடித்துவிட்டேன். நிஜத்தில் மீசை இல்லை.)

அக்காவிடம் கேட்டேன், அந்த ஆள் ஏன் அந்த வரியை வேண்டாம் என்கிறார், சோம்பேறித்தனமா என்று. அவள் தட்டைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். மேலே ஒரு நோயாளியின் வயிறு திறந்திருக்குமாம். டாக்டர் கை நீட்டுவாராம். கீழே நேற்றுச் சேர்ந்த பெண் 'சந்தேகமாக இருக்கிறது' என்று பொட்டலத்தை நிறுத்தினால், திறந்த வயிறு காத்திருக்க வேண்டுமாம். அந்தக் காத்திருப்பை அவர் ஒருமுறை பார்த்திருக்கிறாராம்.

"அப்ப அவர் சொல்றதும் சரிதானே" என்றேன்.

"சரிதான். அதான் ரெண்டாவது பொட்டலம் ஒண்ணு எப்பவும் தயாரா இருக்கணும்னு பக்கத்துலயே எழுதணும். எழுதி வச்சிருக்கேன்."

"சொன்னியா?"

குழாயை மூடினாள். "மதிப்பீட்டாளர் அதை இன்னும் கேக்கலை."

8

இன்று காலை.

இறுதிக் கூட்டம் பதினொன்றுக்கு. அக்கா சீக்கிரமே கிளம்பிவிட்டாள். கண்ணாடி முன் நின்று இருமிப் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

"போனைச் சார்ஜ்ல போட்டிருக்கியா?" என்றாள்.

"நான் எடுக்க மாட்டேன்க்கா."

"எடுக்கச் சொல்லலையே."

"எடுத்தா நீ எழுதின வரியைத்தான் சொல்வேன்."

"சொன்னா வரி நிக்கும்." பையைத் தோளில் மாட்டினாள். "நான் அடுத்த திட்டத்துக்கும் அந்தாளைக் கூட்டிட்டுத் திரிவேன். அதுக்கடுத்ததுக்கும்."

"எடுக்கலைன்னா?"

"அடிச்சு ஓயும். ரூம் அமைதியாகும். அந்த அமைதியில நான் வாயைத் திறந்தாலும் திறப்பேன்." கதவருகே நின்றாள். "இல்லாட்டி மேலாளர் வாட்சைப் பார்த்துட்டு, சரி எனக்குச் சொன்னதையே வச்சுக்கலாம்பார்."

"நீ என்ன நினைக்கிறே?"

"ஒண்ணும் நினைக்கலை. நீதானே கதை எழுதறே" என்றாள். போய்விட்டாள்.

9

முடிவுகள். எழுதி வைத்திருப்பவை:

அ) மதிப்பீட்டாளர் இறந்துவிடுகிறார். அக்கா கலங்கிய குரலில் அறிவிக்கிறாள். ஒரு நிமிட மௌனம். மௌனம் முடிந்ததும் மூவரும் ஆளுக்கொரு கடைசி விருப்பத்தோடு வருகிறார்கள். பேராசிரியர் நினைவுச் சொற்பொழிவு ஒன்று கேட்கிறார். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வரி பிழைக்கவில்லை.)

ஆ) அக்கா உண்மையைச் சொல்கிறாள். செயலாளர் சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்மா" என்கிறார். எல்லோரும் மனம் மாறுகிறார்கள். (இதை அக்காவிடம் காட்டினேன். ஓரத்தில் ஒன்றும் எழுதவில்லை. பென்சிலைச் சீவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.)

இ) போன் அடிக்கிறது. தங்கை எடுக்கிறாள். தன் வாழ்நாளில் முதல்முறையாக அந்நியர்களிடம் கணீரென்று...

இல்லை. அது நான் இல்லை.

ஈ) போன் அடிக்கிறது. தங்கை எடுக்கவில்லை. அடித்து ஓய்கிறது. சன்னல் இல்லாத அறையில் ஏசி சத்தம் மட்டும். அக்கா இருமுகிறாள். மூன்று முகம் திரும்புகிறது. அவள்

இந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தபோது மேசை அதிர்ந்தது. தெரியாத எண்.

அடித்துக்கொண்டிருக்கிறது. டீ டம்ளரை நோக்கி நகர்ந்துகொண்டே அடிக்கிறது. எடுத்தால் வரி நிற்கும், அக்கா நிற்க மாட்டாள். எடுக்காவிட்டால் அக்கா எழுந்து நிற்கலாம், நிற்காமலும் போகலாம், அப்போது எங்கோ ஒருத்தி ஈரப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடுவாள்.

நான்கு முடிவுகளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டேன். மேலே கோடு நன்றாகக் கறுத்திருக்கிறது. அடிப்பக்கம் ஈரம். எதையும் அனுப்பப்போவதில்லை. இங்கே நிறுத்துகிறேன், யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

ஆனால் போன் நிற்கவில்லை. நீங்கள் பக்கத்தில்தான் இருக்கிறீர்கள். முதலிலிருந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறீர்கள். யார் பக்கமும் இல்லாதவர், யாரும் நியமிக்காதவர், வெளியிலிருந்து வந்தவர். அப்படி ஒருவரைத்தான் அந்த அறையில் நால்வரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். எடுப்பதானால், பேசுவதற்கு முன்னால் ஒருமுறை இருமிக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் எல்லோரும் ஒத்துக்கொண்டது.